ஒளியின் எல்லை: புதிய குடியிருப்புகளின் வெளிவிளக்குகள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒளியை நன்மையின் குறியீடாகவும் இருளைத் தீமையின் குறியீடாகவும் கொள்வது மனித இனத்தின் மிகப் பழைய எண்ணங்களுள் ஒன்றாகும். அறிவை ஒளி என்றும் அறியாமையை இருள் என்றும் சுட்டுவது இந்திய மொழிகளில் பரவலாகக் காணப்படும் வழக்கு. தீபாவளி, கார்த்திகை போன்ற விழாக்கள் விளக்கேற்றுதலையே வழிபாடாகக் கொண்டவை. இத்தகைய மரபில் வாழும் ஒரு சமூகத்திடம் 'ஒளியும் மாசாகக்கூடும்' என்று கூறினால் அது முரண்கூற்றாகவே தோன்றும்.

ஆயினும் இந்திய நகரங்களின் விளிம்புகளில் இம்முரண் இன்று கண்கூடாகியுள்ளது. குருகிராம், நொய்டா, ஐதராபாத்தின் மேற்குப் பகுதி, பெங்களூருவின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் வயலாகவும் தரிசாகவும் கிடந்த நிலங்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் அலுவலக வளாகங்களாகவும் மாறியுள்ளன. கட்டடம் எழும்புவதற்கு முன்பே அங்கு விளக்குக் கம்பங்கள் நடப்படுகின்றன. சுற்றுச்சுவர் விளக்கு, நுழைவாயில் விளக்கு, பூங்கா விளக்கு, கட்டடத்தின் முகப்பை அழகுபடுத்தும் விளக்கு, விளம்பரப் பலகை விளக்கு என அவை பலவாகப் பெருகுகின்றன. இவற்றின் ஒளி வளாகத்தின் சுவரோடு நின்றுவிடுவதில்லை.

தன் நிலத்தில் தன் செலவில் ஒருவர் ஏற்றும் விளக்கின் ஒளி, அந்நிலத்தின் எல்லையைக் கடந்து பிறர்மீதும் பிற உயிர்கள்மீதும் பொதுவானத்தின்மீதும் விழும்போது, அச்செயலின் அறநிலை யாது? அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? இவ்விரு வினாக்களையும் இந்தியச் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கு என்னும் சொல்

தமிழில் 'விளங்கு' என்பது தன்வினை. 'விளக்கு' என்பது அதன் பிறவினை. தெளிவுறுதல், தெளிவுறச் செய்தல் என்பன முறையே அவற்றின் பொருள்கள். இப்பிறவினையின் வடிவே ஒளிதரும் பொருளுக்குப் பெயராகவும் நிற்கிறது. இச்சொல்லமைதி கருதத்தக்கது. தான் ஒளிர்தல் விளக்கின் இயல்பு. பிறவற்றைத் தெளிவுறச் செய்தல் விளக்கின் பயன். தான் மட்டும் ஒளிர்ந்து, காணவேண்டிய பொருளைக் காணவிடாது கண்ணைக் கூசச் செய்வது சொல்லின் பொருளளவில் விளக்காகாது. வளாகத்தின் வாயிலில் கண்ணுக்கு நேராக ஒளிவீசும் விளக்கின் பின்னே நிற்கும் காவலரின் முகம் வருவோர்க்குத் தெரிவதில்லை என்பது அன்றாட அனுபவம்.

இரவைத் தமிழ் மரபு ஒளியின் இன்மையாக மட்டும் கண்டதில்லை என்பதும் இங்கு நோக்கத்தக்கது. தொல்காப்பியம் ஐந்திணைக்கும் முதற்பொருளாக நிலத்தோடு பொழுதையும் வகுக்கிறது. முல்லைக்கு மாலையையும் மருதத்திற்கு வைகறையையும் உரியதாக்கும் அந்நூல், குறிஞ்சிக்கு யாமத்தை உரியதாக்குகிறது. நள்ளிரவு ஒரு நிலத்தின் வாழ்வுக்கு உரிமையுடைய பொழுதாக அங்கு மதிக்கப்பெறுகிறது. அதே சங்க மரபில், பெரும்பாணாற்றுப்படை துறைமுகத்தின் கலங்கரை விளக்கத்தைக் காட்டுகிறது. அவ்விளக்கின் ஒளி நெடுந்தொலைவு செல்வது அதன் குறையன்று. தொலைவில் வரும் மரக்கலத்திற்காகவே அது ஏற்றப்பெற்றது. ஆகவே, ஒளி எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதனால் மட்டும் அதன் நன்மை தீமையைத் தீர்மானிக்க இயலாது. அத்தொலைவிற்கு ஒரு காரணம் உண்டா என்பதே வினா.

ஒளிமாசின் இயல்பு

தேவையற்ற இடத்தில், தேவையற்ற நேரத்தில், தேவைக்கு மிகுந்த அளவில் பரவும் செயற்கை ஒளி ஒளிமாசு எனப்படுகிறது. நகரங்களின் மேல் வானம் வெளுத்துத் தோன்றும் வானொளிர்வு, பார்வையைக் கெடுக்கும் கூசொளி, அண்டை வீட்டுச் சாளரத்தினுள் புகும் அத்துமீறிய ஒளி, ஓரிடத்தில் அளவின்றிக் குவியும் ஒளி எனப் பொதுவாக இது நான்காகப் பகுக்கப்பெறும்.

விளக்கிலிருந்து கிடைத்தளத்திற்குச் சற்று மேலாக வெளியேறும் ஒளிக்கதிர் வளிமண்டலத்தில் மிக நீண்ட தொலைவு பயணம் செய்கிறது. வழியில் காற்று மூலக்கூறுகளாலும் தூசியாலும் சிதறி வானை வெளுக்கச் செய்கிறது. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் மிகுதியாகும் என்பது ராலே கண்ட விதி. எனவே நீலக்கூறு மிகுந்த வெண்ணொளி, மஞ்சள் சார்ந்த ஒளியைக் காட்டிலும் வானை அதிகமாகக் கெடுக்கும். இந்தியக் கடைகளில் பரவலாக விற்பனையாகும் 6,500 கெல்வின் வெண்ணொளி விளக்குகள் முதல்வகையைச் சார்ந்தவை. 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான இளமஞ்சள் ஒளி விளக்குகள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

2016-இல் வெளியான உலகச் செயற்கை வானொளிர்வு வரைபடத்தின்படி, உலக மக்களுள் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் ஒளிமாசுற்ற வானின்கீழ் வாழ்கின்றனர். மூன்றில் ஒரு பங்கினர் பால்வழி மண்டலத்தைத் தம் இருப்பிடத்திலிருந்து காண இயலாதவர்கள். 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் கண்ணால் நோக்கிப் பதிந்த விண்மீன் கணக்குகளைக் கொண்டு 2023-இல் வெளியான ஆய்வு, வானொளிர்வு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 9.6 விழுக்காடு மிகுவதாகக் கண்டது. அத்தரவுகளுள் பெரும்பாலானவை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சார்ந்தவை. எனினும், 250 விண்மீன்கள் தெரியும் ஓரிடத்தில் பிறக்கும் குழந்தைக்கு 18 வயதாகும்போது அங்கு 100 விண்மீன்களே தெரியும் என்னும் அவ்வாய்வின் கணிப்பு, விரைந்து வளரும் எந்நகரத்திற்கும் எச்சரிக்கையாகும்.

இவ்விழப்பு இந்தியப் பண்பாட்டில் நுட்பமாக வெளிப்படும் ஓரிடம் திருமணச் சடங்கு. மணமக்களுக்கு அருந்ததி விண்மீனைக் காட்டும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளிலும் உண்டு. அருந்ததி எனப்படும் அல்கோர், வசிட்டர் எனப்படும் மைசாருக்கு அருகிலுள்ள நான்காம் ஒளித்தரத்தைச் சார்ந்த மங்கலான விண்மீன். மாநகர வானில் அதனை வெறுங்கண்ணால் காண்பது அரிதாகிவிட்டது. சடங்கு தொடர்கிறது, சுட்டப்படும் திசையும் தொடர்கிறது, சுட்டப்படும் பொருள் மட்டும் இல்லை. அதனை இழப்பாக உணர்வாரும் குறைந்து வருகின்றனர். ஒவ்வொரு தலைமுறையும் தான் பிறந்தபோது கண்ட இயற்கையையே முழுமை எனக் கொண்டுவிடுகிறது என்று 1995-இல் டேனியல் பாலி மீன்வளம் குறித்துக் கூறிய கருத்து வானுக்கும் பொருந்தும். இழந்தவர் அறியாத இழப்பு முறையீடாக மாறுவதில்லை. ஒளிமாசு பொதுவினாவாக எழாமைக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

விலகிச் செல்ல இயன்றவர்களும் இயலாதவையும்

ஒளிமாசினை முதலில் உணர்ந்தவர்கள் வானியலாளர்கள். 1901-இல் தொடங்கப்பெற்று 1919-இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்த ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்திற்கு நகரத்தின் வளர்ச்சியே தடையாயிற்று. 1968-இல் நகருக்கு வெளியே ஜப்பல்–ரங்காபூரில் 48 அங்குலத் தொலைநோக்கியுடன் புதிய ஆய்வகம் அமைந்தது. பின்னாளில் நகர விரிவு அத்திசையிலும் சென்றது. தமிழகத்தின் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி செயற்பாட்டிற்கு வந்தது. 2000-இல் லடாக்கின் ஹான்லேயில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி முதல் ஒளியைப் பெற்றது. ஹான்லே தெரிவு செய்யப்பெற்றதற்கு உயரமும் வறண்ட காற்றும் மேகமற்ற இரவுகளும் காரணங்கள். கறைபடாத இருளும் ஒரு காரணம். பெங்களூருவுக்கு அருகிலுள்ள ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக அத்தொலைநோக்கி இயக்கப்படுகிறது. நகரத்திற்கு அருகில் மனிதர் அமர்ந்திருக்க, அவர்தம் கண் இமயத்திற்கு அப்பால் வைக்கப்பட்டுள்ளது.

அறிவியல் இவ்வாறு இருளைத் தேடி விலகிச் செல்ல இயலும். பிற உயிர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒடிசாவின் ருசிகுல்யா, கஹிர்மாதா கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் பெருந்திரளாக முட்டையிடுகின்றன. 2025-ஆம் ஆண்டில் ருசிகுல்யாவில் மட்டும் ஏறத்தாழ 7 இலட்சம் ஆமைகள் வந்ததாகக் கணக்கிடப்பெற்றது. மணலிலிருந்து இரவில் வெளிவரும் குஞ்சுகள், நிலப்பக்க இருளினும் சற்று வெளுத்திருக்கும் கடல்பக்க அடிவானை நோக்கி நகரும் இயல்புடையவை. கரையின் பின்புறம் செயற்கை ஒளி மிகுமாயின் அவை கடலுக்கு மாறாக ஊரை நோக்கி நகர்ந்து மடிகின்றன. ஆகவேதான் குஞ்சுகள் வெளிவரும் நாள்களில் அருகிலுள்ள ஊர்களும் தொழிலகங்களும் விளக்குகளை அணைக்கவோ மறைக்கவோ வேண்டும் என வனத்துறை கேட்டுக்கொள்கிறது.

அசாமின் ஜதிங்கா சிற்றூரில் நிலவற்ற மூடுபனி இரவுகளில் பறவைகள் விளக்கொளியை நாடி வந்து வீழ்வது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. விளக்கேற்றி அவற்றைப் பிடிக்கும் வழக்கம் அங்கு இருந்தது. அங்கே விளக்கைப் பொறியாகப் பயன்படுத்தியவர்கள் அதனைப் பொறி என்று அறிந்தே பயன்படுத்தினர். நகர விளிம்பில் ஏற்றப்படும் விளக்குகளும் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் பொறியாகவே அமைகின்றன. ஏற்றியவர் அதனை அறியார் என்பதே வேறுபாடு. அறியாமை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம்; அறிந்துகொள்ளும் வாய்ப்பு எளிதாகக் கிடைக்கும் காலத்தில் அதனை முற்றாக நீக்காது.

மனிதனும் இவ்விதிக்கு விலக்கல்லன். உயிரினங்களின் உடற்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக 2017-இல் மருத்துவ நோபல் பரிசு மூவர்க்கு வழங்கப்பெற்றது. நீலஒளிக்கு மிகுதியாக எதிர்வினை புரியும் சிறப்புச் செல்கள் கண்ணின் விழித்திரையில் உள்ளன. இரவில் அவை தூண்டப்பெறின் உறக்கத்திற்குத் துணைபுரியும் மெலடோனின் சுரப்பு தடைப்படுகிறது. அண்டை வளாகத்தின் விளக்கு ஒருவரின் படுக்கையறையில் விழும்போது அது அவருடைய உடலினுள்ளும் நுழைகிறது.

சிக்கனம் தந்த மிகை

ஆற்றலைச் சேமித்தல் சூழலுக்கு நன்மை என்பது பொதுவான கருத்து. நீலஒளி உமிழும் டையோடைக் கண்டுபிடித்தமைக்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அக்கண்டுபிடிப்பே இன்றைய எல்.இ.டி. வெண்விளக்கிற்கு அடிப்படை. இந்தியாவில் 2015 சனவரி 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் 1.3 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. தெருவிளக்குகள் பொருத்தப்பெற்றுள்ளன. இதனால் மின்செலவு குறைந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் செலவு குறைந்த பொருளின் பயன்பாடு பெருகும் என்பதனைப் பிரித்தானியப் பொருளியலாளர் ஜெவன்ஸ் நிலக்கரியை முன்வைத்து 1865-இலேயே சுட்டினார். ஒளிக்கும் அது நேர்ந்தது. செயற்கைக்கோள் தரவுகளின்படி 2012 முதல் 2016 வரை உலகில் செயற்கை ஒளி பெற்ற நிலப்பரப்பு ஆண்டுக்கு 2.2 விழுக்காடு வளர்ந்தது. அச்செயற்கைக்கோளின் கருவி நீலஒளியை உணராது என்பதால் உண்மை வளர்ச்சி இதனினும் மிகுதியாக இருக்கக்கூடும். முன்னர் மின்கட்டணம் விளக்கை அணைக்கச் செய்தது. இன்று அக்கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. பொருளாதாரம் விதித்திருந்த எல்லை நீங்கிய இடத்தில் அறம் ஓர் எல்லையை வகுக்கவேண்டியுள்ளது.

பாதுகாப்பு என்னும் எதிர்வாதம்

இக்கருத்திற்கு எதிராக எழும் வாதம் வலிமையானது. அதனை எளிதில் ஒதுக்குதல் கூடாது. இந்தியாவில் இருள் இன்பமாக மட்டும் இருந்ததில்லை. மணிப்பூரின் லெய்சாங் சிற்றூருக்கு 2018 ஏப்ரல் 28-ஆம் நாள்தான் மின்னிணைப்புக் கிடைத்தது. அதனுடன் நாட்டின் ஊர்கள் அனைத்தும் மின்வசதி பெற்றதாக அரசு அறிவித்தது. தலைமுறைகளாக இருளில் வாழ்ந்தவரிடம் இருளின் பெருமையைப் பேசுவது வசதியுடையார் நிகழ்த்தும் அவமதிப்பாகும். 2012 திசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், விளக்கில்லாத் தெரு என்பது பெண்களின் நடமாட்ட உரிமையைப் பறிக்கும் தெரு என்னும் உணர்வு நாடெங்கும் வலுப்பெற்றது. அவ்வுணர்வு நேரியது.

இவ்வாதத்தை ஏற்பதாலேயே ஒரு வேறுபாடு தெளிவாகிறது. பெண்ணொருத்தி அஞ்சாது நடப்பதற்கு வேண்டுவது பாதையின்மீது சீராக விழும் ஒளி. எதிரே வருபவரின் முகத்தை அவள் காணவேண்டும்; பாதையோரத்தில் நிற்பவரையும் காணவேண்டும். கண்ணில் நேராகப் படும் பேரொளி இவ்விரண்டையும் கெடுக்கிறது. மிகுஒளிக்குப் பழகிய கண் அடுத்த நிழலில் எதனையும் காணாது. ஒளி மிகுந்த இடத்திற்கு அருகிலுள்ள நிழல் மேலும் அடர்ந்து தோன்றும். மேல்நோக்கி வானிற்குச் செல்லும் ஒளியால் நடப்பவர் எவருக்கும் பயனில்லை. எனவே பாதுகாப்பு என்னும் காரணம் பாதையின்மீது விழும் ஒளியை நியாயப்படுத்துகிறது. பாதையை விட்டு விலகும் ஒளியை அது நியாயப்படுத்தவில்லை.

இன்னொன்றும் காணத்தக்கது. புதிய வளாகத்தின் முகப்பு இரவு முழுதும் ஒளிரும்போது, அவ்வளாகத்தில் பணிபுரியும் பெண்கள் வீடு திரும்பும் பின்தெருவில் ஒரு விளக்கும் இல்லாத நிலை பல நகரங்களில் உண்டு. ஒளியின் மிகையும் ஒளியின் வறுமையும் ஒரே ஊரில், ஒரே சுவரின் இருபுறமும் இருக்கின்றன. மிகையைக் குறைக்கவேண்டும் என்னும் கோரிக்கை இல்லார்க்கு விளக்கு வேண்டும் என்னும் கோரிக்கைக்குப் பகையன்று. இரண்டும் பங்கீட்டு நீதி பற்றியவையே.

ஒலியும் ஒளியும்: சட்டத்தின் இடைவெளி

எல்லை கடந்த ஒலியை இந்தியச் சட்டம் மாசாக ஏற்றுள்ளது. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987-இல் செய்யப்பெற்ற திருத்தம் ஒலியையும் காற்று மாசுபடுத்தியாகச் சேர்த்தது. 2000-இல் ஒலிமாசு விதிகள் வந்தன. 2005-இல் உச்சநீதிமன்றம், பேசும் உரிமை ஒருவர்க்கு உண்டெனினும் விரும்பாதவரைக் கேட்கும்படி வற்புறுத்தும் உரிமை எவர்க்கும் இல்லை என்னும் கருத்தை நிலைநாட்டியது. இக்கருத்து ஒளிக்கும் அப்படியே பொருந்தும். விளக்கேற்றும் உரிமை, விரும்பாதவரின் சாளரத்தினுள் ஒளியைச் செலுத்தும் உரிமையாகாது.

ஆயின் சட்டம் ஒளியை இவ்வாறு காணவில்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் மாசுபடுத்தி என்பதனைத் திட, திரவ, வளிமப் பொருள் என வரையறுக்கிறது; ஒளி இம்மூன்றனுள் எதுவுமன்று. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புடைய கட்டடத் திட்டங்களுக்குச் சூழல் அனுமதி வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின் முதற்படிவம், ஒலி, அதிர்வு ஆகியவற்றோடு ஒளி, வெப்பம் ஆகியவற்றின் வெளிப்பாடு குறித்தும் வினவுகிறது. வினா உள்ளது, விடையை அளப்பதற்குரிய ஒளிவரம்பு இல்லை. பசுமைக் கட்டடத் தரச்சான்றுகளில் வெளிவிளக்கு மாசினைக் குறைத்தலுக்கு மதிப்பெண் உண்டு. அதுவும் விரும்பினால் பெறத்தக்கதே. கட்டாயமற்ற நன்மை விளம்பரமாகிவிடும் இயல்புடையது. இதற்கு மாறாக, பிரான்சு 2018 திசம்பரில் வெளியிட்ட ஆணை வெளிவிளக்குகளின் ஒளிநிறம், மேல்நோக்கிச் செல்லும் ஒளியின் அளவு, அணைக்கவேண்டிய நேரம் ஆகியவற்றை நாடு முழுமைக்கும் வரையறுத்தது.

ஆறு, கடற்கரை, காடு போன்றவை அரசிடம் மக்களுக்காக ஒப்படைக்கப்பட்ட பொதுப்பொறுப்பு என்னும் கோட்பாட்டை உச்சநீதிமன்றம் கமல்நாத் வழக்கில் ஏற்றது. இரவு வானம் எவருக்கும் பட்டா வழங்கப்படாத பொதுப்பொருள். அதனையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுதல் பொருந்தும்.

பொறுப்பு யாருடையது?

ஒரு விளக்கு வானைக் கெடுப்பதில்லை. ஒரு வளாகமும் தனித்துக் கெடுப்பதில்லை. எனவே ஒவ்வொருவரும் 'என் விளக்கால் என்ன நேர்ந்துவிடும்?' என வினவ இயலும். இவ்வினாவின் பிழையை ஆங்கில மெய்யியலாளர் டெரிக் பார்ஃபிட் 1984-இல் விளக்கினார். ஒரு செயலின் விளைவு உணர இயலாத அளவு சிறிது என்பதனாலேயே அச்செயல் குற்றமற்றது ஆகிவிடாது. பலர் சேர்ந்து செய்யும் தீங்கில் ஒவ்வொருவர்க்கும் பங்குண்டு என்பது அவர் கருத்து. திருவள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். தன் உடைமை உலகின் பொதுவாழ்வோடு எவ்வாறு இயைய வேண்டும் என்று அறிதலே ஒப்புரவு. செல்வத்திற்கு அவர் கேட்ட இவ்வறிதலை ஒளிக்கும் கேட்கலாம்.

பொறுப்பைச் சுட்டுவதில் பழைய ஊருக்கும் புதிய குடியிருப்பிற்கும் வேறுபாடு உண்டு. பழைய ஊரின் விளக்குகள் பல கைகளால் பல காலங்களில் ஏற்றப்பட்டவை. அங்கு முடிவெடுத்தவரைக் காண்பது அரிது. புதிய வளாகத்தில் கம்பத்தின் உயரம், விளக்கின் கோணம், ஒளியின் நிறம், அணையும் நேரம் ஆகிய அனைத்தும் ஒரு வரைபடத்தில், ஒரு சில நாள்களில், ஒரு சிலரால் தீர்மானிக்கப்படுகின்றன. கட்டுநர், கட்டட வரைவாளர், அனுமதி வழங்கும் அலுவலர் ஆகிய மூவரே அச்சிலர். அம்முடிவின் விளைவோடு வாழப்போகிற குடியிருப்போரும் அண்டை ஊராரும் அப்போது அங்கு இல்லை. பறவையும் பூச்சியும் எப்போதும் இல்லை. இல்லாதவர்களுக்காகவும் எண்ணிப் பார்ப்பதே வடிவமைப்பின் அறம்.

அவர்கள் செய்யவேண்டுவதும் அரிதன்று. 2020-இல் பன்னாட்டு இருள்வானக் கழகமும் வட அமெரிக்க விளக்கொளிப் பொறியாளர் கழகமும் இணைந்து ஐந்து நெறிகளை வகுத்தன: ஒளிக்குத் தெளிவான பயன் இருத்தல், வேண்டிய இடத்தில் மட்டும் விழுதல், தேவைக்கு மிகாத அளவில் இருத்தல், வேண்டிய நேரத்தில் மட்டும் எரிதல், இளஞ்சூட்டு நிறமாக இருத்தல். மேற்புறம் முழுதும் மூடிய விளக்கு, தாழ்ந்த கம்பம், நள்ளிரவுக்குப் பின் தானாக மங்கும் அமைப்பு ஆகியவை வரைபட நிலையில் கூடுதல் செலவு ஏதும் பெரிதாக வேண்டாதவை. நட்ட கம்பத்தைப் பின்னர் மாற்றுவதே செலவு.

ஆற்றில் கலந்த நஞ்சினை நீக்கப் பல்லாண்டுகள் ஆகும்; காற்றில் கலந்த கரிவளி நூற்றாண்டுகள் நிற்கும். ஒளிமாசு விளக்கை அணைத்த நொடியில் நீங்கிவிடும். ஆகவே இதனைச் சிறிய தீங்கு எனச் சிலர் கருதுவர். உண்மையில் இவ்வெளிமையே பொறுப்பை மிகுவிக்கிறது. நீக்குவதற்கு அரிய தீங்கைத் தொடர்பவர் இயலாமையைக் காரணமாகக் காட்டலாம். கைக்கெட்டும் தொலைவில் தீர்வு இருக்கத் தீங்கைத் தொடர்பவர்க்குக் கவனமின்மையைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஹான்லே காட்டும் வழியும் எழுப்பும் வினாவும்

2022 திசம்பரில் லடாக் நிர்வாகம் ஹான்லேயைச் சுற்றிய 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை இருள்வானக் காப்பகமாக அறிவித்தது. அங்குள்ள சிற்றூர்களில் விளக்குகளுக்கு மறைப்பு இடுதல், சாளரங்களுக்குத் திரையிடுதல், இளமஞ்சள் விளக்குகளைப் பயன்படுத்துதல் ஆகியன ஊக்குவிக்கப்படுகின்றன. ஊர்மக்களுள் சிலர்க்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் அளிக்கப்பெற்றுள்ளன; வருவோர்க்கு வானைக் காட்டுவதன்மூலம் அவர்கள் வருவாய் பெறுகின்றனர். மகாராட்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 சனவரியில் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்காவாகப் பன்னாட்டுச் சான்று பெற்றது. அதன்பொருட்டு அருகிலுள்ள சிற்றூர்களின் தெருவிளக்குகள் தரைநோக்கி ஒளிரும் விளக்குகளாக மாற்றப்பெற்றன.

இவை பாராட்டத்தக்க முயற்சிகள். ஆயினும் இவற்றில் ஓர் அறவினா மறைந்துள்ளது. குறைவாக ஒளிபெற்ற ஊர்களே மேலும் அடக்கம் காட்டுமாறு வேண்டப்பெறுகின்றன. மிகுதியாக ஒளிபெற்ற நகரங்களிடம் எதுவும் வேண்டப்பெறவில்லை. நகரவாசி விண்மீனைக் காணப் பயணச்சீட்டு வாங்கி ஹான்லே செல்கிறார். திரும்பி வந்து தன் வளாகத்தின் வீச்சொளி விளக்கின்கீழ் வாழ்கிறார். இருள், சென்று காணும் சுற்றுலாப் பொருளாகிவிட்டால், அதனைக் காக்கும் கடமை காவலர்க்கு மட்டும் உரியதாகிவிடும். ஹான்லேயின் சிற்றூர் மக்கள் தம் சாளரத்தில் ஒரு திரையிட முடியுமெனில், பெருநகரின் புதிய வளாகம் தன் விளக்கின்மேல் ஒரு மூடியிட முடியாதா என்பதே அக்காப்பகம் நாட்டை நோக்கி எழுப்பும் வினா.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஒன்றைத் தேர்வது இங்குச் சிக்கலன்று. பயனுடைய ஒளிக்கும் பயனைக் கடந்த ஒளிக்கும் இடையே உள்ள எல்லையை அறிவதே சிக்கல். பயனுடைய ஒளி அனைவர்க்கும் உரிமை. அது கிட்டாதவர்க்கு அதனை வழங்குவது சமூகத்தின் கடன். பயனைக் கடந்த ஒளி, ஒலியைப் போலவே, பிறர்மீது நிகழ்த்தும் செயலாகும். அச்செயலுக்குரிய பொறுப்பு பழைய ஊரில் பலரிடமும் சிதறிக் கிடக்கிறது. புதிய குடியிருப்பில் அது வரைபடத்தின்மீது குனிந்திருக்கும் சிலரிடம் திரண்டு நிற்கிறது. ஆகவே, சீர்திருத்தம் தொடங்கவேண்டிய இடம் அதுவே. சூழல் அனுமதிப் படிவம் ஏற்கெனவே கேட்டுள்ள வினாவிற்கு ஓர் அளவுகோலை வகுத்தல் முதற்பணி.

விளக்கு தன்னைக் காட்டுவதற்கன்று. பிறவற்றை விளங்கச் செய்வதற்கே என்பதைச் சொல்லே உணர்த்துகிறது. நடப்பவரின் பாதையை விளங்கச் செய்துவிட்டு வானை அதன்போக்கில் விடும் விளக்கே அப்பெயருக்கு உரியது.